இரவில் புளியமரம் என்ன செய்கிறது?

(நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் தலைப்பை 'உயிரணுக்களில் ஆற்றல் மாற்றம்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். தப்பில்லை, நான் கொடுத்ததுதான். ஆனால் அந்தத் தலைப்பைப் படித்துவிட்டும் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள் என்றால், கூட்டம் முடிந்ததும் சுண்டல் உண்டு என்ற செய்தி வெளியே கசிந்திருக்க வேண்டும். அதனால் தலைப்பை ஓரமாக வைத்துவிட்டு ஒரு புளியமரத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒரு புளியமரம் நின்றது. விளக்கு வைத்த பிறகு அந்தப் பக்கம் போகக் கூடாது என்பது அப்பத்தாவின் கட்டளை. "முனி இருக்குடா, அடிச்சிரும்" என்பார். ஒன்பதாம் வகுப்பு வந்தபோது எங்கள் அறிவியல் ஆசிரியர் முனியை ஒரே போடாகப் போட்டார். "பேயாவது பிசாசாவது! ராத்திரியில் மரம் கரியமில வாயுவை விடுகிறது. அடியில் படுத்தவனுக்கு மூச்சு முட்டுகிறது. அதைத்தான் பேய் அமுக்கியது என்றார்கள்." எங்களுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அறிவியல் என்றால் இதுவல்லவா! பிறகு நானே தாவரவியல் ஆசிரியராகி, இதே வசனத்தை இருபது வருஷத்துக்கு மேல் வகுப்பில் சொன்னேன். மேடைகளிலும் சொல்லியிருக்கிறேன். கைதட்டலும் வாங்கியிருக்கிறேன்.

ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அன்றோடு அந்த வசனம் போயிற்று.

கணக்கு இதுதான். தூங்கும் மனிதர் ஒருவர் எட்டு மணி நேரத்தில் வெளியே விடும் கரியமில வாயு எண்பது முதல் நூறு லிட்டர். ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள இலை அதே எட்டு மணி நேரத்தில் விடுவது ஏறக்குறைய ஒரு லிட்டர், பெரும்பாலும் அதற்கும் கீழே. புளியமரம் பெரிய மரம், இலைப்பரப்பு சில நூறு சதுர மீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். மரம் முழுக்கச் சேர்ந்து விடுவது, அடியில் ஒரு குடும்பம் பாய் விரித்துப் படுத்திருந்தால் அவர்கள் விடும் அளவுதான். அதுவும் தலைக்கு மேலே வெகு உயரத்தில், நாலா பக்கமும் திறந்த வெளியில். புளியமரத்தால் மூச்சு முட்டும் என்றால், கதவைச் சாத்திக்கொண்டு ஒரே அறையில் படுக்கும் கணவனும் மனைவியும் விடிவதற்குள் செத்திருக்க வேண்டும். முனியை விரட்டிவிட்டு அந்த இடத்தில் ஒரு வாயுவைக் குடிவைத்திருக்கிறோம், அவ்வளவுதான். அப்பத்தாவின் முனிக்காவது ஒரு கம்பீரம் இருந்தது.

இந்த வாயுப்பேய் எங்கே பிறந்தது என்று தேடினால், 1779-ல் லண்டனில் வெளியான ஒரு புத்தகத்தில் போய் நிற்கிறது. அதற்கு எட்டு வருஷம் முன்பு ஜோசப் பிரீஸ்ட்லி என்ற பாதிரியார், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் ஒரு காரியம் செய்திருந்தார். மெழுகுவத்தி எரிந்து அணைந்துபோன காற்றுக்குள் ஒரு புதினாத் தழையை வைத்தார். அது 1771 ஆகஸ்ட் 17. பத்து நாள் கழித்து அதே காற்றில் இன்னொரு மெழுகுவத்தி நன்றாக எரிந்தது. செடி காற்றைச் சரிசெய்கிறது! ஆனால் திரும்பச் செய்து பார்த்தபோது சில நாள் நடந்தது, சில நாள் நடக்கவில்லை. ஏன் என்று அவருக்குப் பிடிபடவில்லை.

பிடித்தவர் யான் இங்கன்ஹவுஸ். டச்சுக்காரர், வியன்னா அரண்மனையின் வைத்தியர். 1779 கோடையில் ஐந்நூறுக்கு மேற்பட்ட சோதனைகளைச் செய்து விடையைச் சொன்னார்: செடிக்கு வெயில் வேண்டும். பச்சையான பாகங்கள்தான் காற்றைச் சுத்தம் செய்கின்றன, அதுவும் வெளிச்சத்தில் மட்டும். தன் புத்தகத்துக்கு அவர் வைத்த நீளமான தலைப்பிலேயே இன்னொரு செய்தியும் இருக்கிறது. நிழலிலும் இரவிலும் செடிகள் காற்றைக் கெடுக்கின்றன என்பது. கெடுக்கின்றன என்ற அந்த ஒரு சொல்தான் ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டு பயணம் செய்து எங்கள் ஊர்ப் புளியமரத்தில் ஏறிக்கொண்டது.

அந்தச் சொல்லில் ஒரு பிழை இருக்கிறது. செடி இரவில் காற்றைக் கெடுக்கவில்லை, மூச்சு விடுகிறது. பகலிலும் மூச்சு விடுகிறது. பகலில் ஒளிச்சேர்க்கை அதைவிடப் பல மடங்கு வேகமாக நடப்பதால் அந்த மூச்சு நம் கணக்கில் தெரிவதில்லை. பகலில் ஒளிச்சேர்க்கை, இரவில் சுவாசம் என்று இன்னும் பல பிள்ளைகள் தேர்வுத்தாளில் எழுதுகிறார்கள். நாமும் மதிப்பெண் போடுகிறோம். ஆசிரியர் சொன்னதற்காகப் பின்வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் கவனிக்க வேண்டும்: சுவாசம் இருபத்துநாலு மணி நேரமும்.

செடியின் மூச்சைக் கையால் தொட்டுப் பார்க்க முடியுமா? விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர்கள் தொட்டிருப்பீர்கள். விதைநெல்லை ஊறவைத்து, தண்ணீரை வடித்து, சாக்கில் கட்டி, மேலே வைக்கோல் போட்டு மூடி வைப்போம். மறுநாள் சாக்குக்குள் கையை விட்டால் சூடு. காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்ட மாதிரி. அந்த நெல்லில் பச்சை கிடையாது, சாக்குக்குள் வெளிச்சம் கிடையாது. முளைவிடத் துடிக்கும் விதை தன்னிடம் உள்ள மாவை எரிக்கிறது, அந்தச் சூடுதான் கையில் படுவது. பிச்சாவரம் போனவர்கள் சேற்றிலிருந்து ஆணி அடித்த மாதிரி மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் வேர்களைப் பார்த்திருப்பீர்கள். வெண்கண்டல் மரத்தின் மூச்சு வேர்கள் அவை. சேற்றுக்குள் காற்று இல்லை, வேருக்கோ மூச்சு வேண்டும். அதனால் வெளியே தலையை நீட்டுகிறது.

எரிக்கிறது என்றேன். அந்தச் சொல்லை நான் கவிதைக்காகப் பயன்படுத்தவில்லை. 1780-களில் பாரிஸில் லவாஸியேவும் லாப்லாஸும் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்துக்குள் வைத்து, எவ்வளவு பனி உருகுகிறது என்று அளந்தார்கள். மூச்சு என்பது தீயில்லாமல் மெல்ல எரிவது என்ற முடிவுக்கு வந்தார்கள். அடுப்பில் விறகு எரிவதும் உயிரணுவுக்குள் சர்க்கரை எரிவதும் கணக்கில் ஒன்றே. ஆக்சிஜன் உள்ளே போகிறது, கரியமில வாயுவும் தண்ணீரும் வெளியே வருகின்றன. ஒரே வித்தியாசம், அடுப்பு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சூடாகக் கொட்டிவிடும். உயிரணு அப்படிக் கொட்டினால் நாம் வெந்துபோவோம். அது சில்லறையாக மாற்றிச் செலவழிக்கிறது.

சில்லறை என்பது சரியான சொல். காலையில் முதல் டவுன் பஸ்ஸில் ஏறி ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டிப் பாருங்கள். நடத்துநர் பார்க்கும் பார்வையிலேயே இறங்கிவிடுவீர்கள். சர்க்கரை அந்த ஐந்நூறு ரூபாய் நோட்டு. உயிரணுவுக்குள் எந்தக் கடையிலும் அது செல்லாது. ஏ.டி.பி. என்ற சில்லறையாக மாற்றினால்தான் தசை சுருங்கும், நரம்பு பேசும், வேர் உப்பை உறிஞ்சும். ஒரு குளுக்கோஸை ஆக்சிஜனோடு முழுவதும் எரித்தால் கிடைப்பது முப்பது ஏ.டி.பி. அளவுக்கு. ஆக்சிஜன் இல்லாமல் சமாளித்தால் வெறும் இரண்டே. உங்கள் வீட்டு இட்லி மாவுக்குள் இரவெல்லாம் பாக்டீரியாக்கள் அந்த மாதிரிக் கைக்கும் வாய்க்கும் எட்டாத பிழைப்புத்தான் நடத்துகின்றன. அவை விட்டுப்போகும் அமிலம் நமக்குப் புளிப்பு, விட்டுப்போகும் வாயு நமக்குப் பொங்கிய மாவு.

அந்த ஏ.டி.பி.யைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் சென்னையில் படித்தவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? எல்லப்பிரகட சுப்பாராவ், 1895-ல் பீமாவரத்தில் பிறந்தவர். அப்போது அது சென்னை மாகாணம். மதராஸ் மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது கதர் அங்கி போட்டுக்கொண்டு வந்ததால் ஓர் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல் அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார். அமெரிக்கா போய், ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க்கோடு சேர்ந்து, தசையில் பாஸ்பரஸ் எந்த வடிவத்தில் இருக்கிறது என்று தேடினார். 1929-ல் அவர்கள் ஏ.டி.பி.யைப் பிரித்தெடுத்தார்கள். அதே வருஷம் ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியாகக் கண்டுபிடித்தார். நம் உடம்பில் எந்த நேரமும் ஏ.டி.பி. கையிருப்பு ஒரு கைப்பிடிதான். ஆனால் ஒரு நாளில் நாம் உண்டாக்கிச் செலவழிப்பது ஏறக்குறைய நம் எடை அளவுக்கு. அதே சில்லறை நாளெல்லாம் கைமாறிக்கொண்டே இருக்கிறது. சுப்பாராவ் 1948-ல் நியூயார்க்கில் காலமானார். நோபல் கிடைக்கவில்லை. நம் பாடப்புத்தகங்களில் அவர் பெயருக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்கலாம் என்பது என் நெடுநாள் வருத்தம்.

சரி, சர்க்கரையின் ஆற்றல் சில்லறையாக எப்படி மாறுகிறது? இன்றைய உரையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

வெகுகாலம் எல்லோரும் ஒரு இடைப்பொருளைத் தேடினார்கள். சர்க்கரை எரியும்போது ஏதோ ஒரு ரசாயனம் ஆற்றலை வாங்கி ஏ.டி.பி.யிடம் ஒப்படைக்கிறது என்பது நம்பிக்கை. பெரிய பெரிய ஆய்வகங்கள் தேடின. அகப்படவில்லை. 1961-ல் பீட்டர் மிட்செல் என்ற ஆங்கிலேயர், அப்படி ஒரு பொருளே இல்லை, தேடுவதை நிறுத்துங்கள் என்று எழுதினார். உடல்நலம் கெட்டு எடின்பரோ பல்கலைக்கழகத்தை விட்டவர், கார்ன்வாலில் பாழடைந்துகிடந்த ஒரு பழைய மாளிகையை வாங்கிச் செப்பனிட்டு, அதிலேயே சொந்தமாக ஆய்வகம் வைத்துக்கொண்டார். கூட வேலை செய்தவர் ஜெனிஃபர் மோயில்.

அவர் சொன்னதைப் புரிந்துகொள்ள மேட்டூருக்குப் போனால் போதும். காவிரித் தண்ணீரை அணை தேக்குகிறது. ஒரு பக்கம் நூற்றிருபது அடி, மறுபக்கம் பள்ளம். மதகு வழியாக விழும் தண்ணீர் சக்கரத்தைச் சுற்றுகிறது, மின்சாரம் வருகிறது. உயிரணுவில் சர்க்கரை எரிந்து முடியும் இடமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அதுதான் அணை. சர்க்கரையிலிருந்து பறித்த எலெக்ட்ரான்கள் சவ்வு நெடுகக் கைமாறிப் போகும்போது, அந்த விசையால் புரோட்டான்கள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு இறைக்கப்படுகின்றன. அங்கே நெருக்கடி. திரும்பி வர ஒரே வழி, சவ்வில் பொருத்தியிருக்கும் ஒரு மதகு. அதன் வழியாகப் புரோட்டான்கள் பாயும்போது ஏ.டி.பி. பிறக்கிறது. நாம் மூக்கால் இழுக்கும் ஆக்சிஜனுக்கு இதில் உள்ள வேலை, கைமாறி வந்த எலெக்ட்ரான்களைக் கடைசியில் வாங்கிக்கொண்டு தண்ணீராவதுதான். வாங்க ஆள் இல்லாவிட்டால் வரிசை முழுக்க நின்றுவிடும். மூச்சு நின்றால் சில நிமிடங்களில் கதை முடிவது அதனால்தான்.

முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு 1966-ல் ஆண்ட்ரே ஜாகண்டார்ஃப் என்பவர் கீரை இலையில் ஒளிச்சேர்க்கை நடக்கும் இடமான பசுங்கணிகங்களை அமிலக் கரைசலில் ஊறவைத்தார். புரோட்டான்கள் உள்ளே நிறைந்த பிறகு, சட்டென்று காரக் கரைசலுக்கு மாற்றினார். எல்லாமே கும்மிருட்டில். வெளிச்சமே இல்லாமல் ஏ.டி.பி. உண்டாயிற்று! வெயிலின் வேலை அணையை நிரப்புவதுதான், யார் நிரப்பினாலும் சக்கரம் சுற்றும் என்பது தெளிவாயிற்று. 1978-ல் மிட்செலுக்கு நோபல் பரிசு.

நான் சக்கரம் என்றது உவமைக்காக என்று நினைத்திருப்பீர்கள். நிஜமாகவே சக்கரம்தான். 1997-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அந்த மதகின் அச்சில் ஒளிரும் இழை ஒன்றை ஒட்டி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். இழை கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றியது. முழு வேகத்தில் நொடிக்கு நூறு சுற்றுக்கு மேல் போகும், சுற்றுக்கு மூன்று ஏ.டி.பி. நான் பேசிக்கொண்டிருக்கும்போது உங்கள் ஒவ்வொருவருக்குள்ளும் எண்ணிக்கையற்ற சக்கரங்கள் சுற்றுகின்றன. தூங்கிவழிபவர்களுக்குள்ளும்.

இப்போது பசுங்கணிகம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். மைட்டோகாண்ட்ரியாவைப் பற்றித்தானே பேசிக்கொண்டிருந்தோம்? அதைத்தான் சொல்ல வந்தேன். இலைக்குள் ஆற்றலைப் பிடிக்கும் இடத்திலும் அதே அணை, அதே மதகு, ஏறக்குறைய அதே சக்கரம். அங்கே எலெக்ட்ரான்களைத் தள்ளிவிடுவது சூரியன், இங்கே தள்ளிவிடுவது சோறு. ஒளிச்சேர்க்கை, சுவாசம் என்று கரும்பலகையில் எதிரெதிராக இரண்டு சமன்பாடு எழுதி, அம்புக்குறியைத் திருப்பிப் போட்டு நாம் பாடம் நடத்துகிறோம். உள்ளே போய்ப் பார்த்தால் இரண்டும் ஒரே தச்சன் செய்த வேலை.

சூரியன் தள்ளும் அந்த எலெக்ட்ரான்கள் தண்ணீரிலிருந்து வருகின்றன. செடி விடும் ஆக்சிஜன் கரியமில வாயுவிலிருந்து வருவதாகப் பலர் நினைத்திருந்தார்கள். 1941-ல் சாமுவேல் ரூபனும் மார்ட்டின் கேமனும் கனமான ஆக்சிஜன் கொண்ட தண்ணீரைப் பாசிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வெளியே வந்த ஆக்சிஜனில் அந்தக் கனம் இருந்தது. ஆக, தண்ணீர் உடைந்தால்தான் ஆக்சிஜன். உடைக்க வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் இல்லையென்றால் ஆக்சிஜன் இல்லை. இதற்கு விதிவிலக்காக எந்தச் செடியும் கிடையாது.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், புளியமரத்து வாயுப்பேய்க்குத் தம்பி ஒன்று இப்போது வாட்ஸ்அப்பில் உலவுகிறது. அரசமரம் இருபத்துநாலு மணி நேரமும் ஆக்சிஜன் தருமாம். நர்சரிகளில் மருள் செடியைத் தொட்டியில் வைத்து, 'இரவிலும் ஆக்சிஜன் தரும்' என்று அட்டை கட்டி விற்கிறார்கள். ஒன்று வாங்கிப் படுக்கையறையில் வையுங்கள், அழகாக இருக்கும். ஆக்சிஜனுக்கு ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

ஆனாலும் அந்த மருள் விஷயத்தில் பொய்க்குள் ஒரு துளி உண்மை மாட்டிக்கொண்டிருக்கிறது. அந்த உண்மையை உலகத்தில் முதலில் பதிவுசெய்தவர்களில் ஒருவர் சென்னையில் வாழ்ந்தார் என்பது இன்னும் சுவையான செய்தி. பெஞ்சமின் ஹெய்ன் என்ற ஜெர்மானியர். தரங்கம்பாடி மொரேவிய மிஷனுக்கு வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக வேலை பார்த்தவர். நம் ஊரில் ரணகள்ளி என்கிறோமே, இலையைப் பறித்துப் புத்தகத்துக்குள் வைத்தால் ஓரத்தில் குட்டிச் செடி முளைக்குமே, 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்' என்று பிள்ளைகள் சொல்வார்களே, அவர் கையில் எடுத்தது அந்தச் செடியைத்தான். ஹெய்ன் அதன் இலையைக் கடித்துப் பார்த்தார். காலையில் நல்ல புளிப்பு. நண்பகலில் ருசியே இல்லை. சாயங்காலம் இலேசான கசப்பு. இதைக் கடிதமாக எழுதினார். 1815-ல் லின்னேயன் சங்கத்தின் இதழில் அது வந்தது.

காரணம் முழுதாகத் தெரிய ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. வறண்ட இடத்துச் செடி பகலில் இலைத்துளையைத் திறந்தால் தண்ணீர் ஆவியாகிவிடும். அதனால் ரணகள்ளியும் சப்பாத்திக்கள்ளியும் மருளும் இரவில்தான் துளையைத் திறக்கின்றன. கரியமில வாயுவை அப்போது வாங்கி, மாலிக் அமிலமாக்கிச் சேமித்து வைக்கின்றன. ஆப்பிளின் புளிப்பும் இதே அமிலம்தான். பொழுது விடிந்ததும் துளையை மூடிக்கொண்டு, வெயிலைத் துணையாக வைத்து, சேமித்த வாயுவைச் சர்க்கரையாக்குகின்றன. அமிலம் தீரத் தீரப் புளிப்பு போகிறது. இரவில் அவை செய்வது கரியமில வாயுவை வாங்குவது. ஆக்சிஜனை விடுவது அல்ல. நர்சரிக்காரர் பாதியைக் கேட்டுவிட்டு மீதியைத் தானே எழுதிக்கொண்டார்.

ஒரு மரம் வளர்க்கச் சொன்னால் ஆக்சிஜனுக்காக என்று சொல்லாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். நிழலுக்கு, மழைநீருக்கு, பறவைக்கு, புளிக்கு என்று எத்தனையோ நல்ல காரணங்கள் உண்டு. வளர்ந்து முதிர்ந்த காடு விடும் ஆக்சிஜனை, அந்தக் காட்டின் மரங்களும் பூச்சியும் பூஞ்சையும் மூச்சாக இழுத்து ஏறக்குறைய முழுவதும் தீர்த்துவிடுகின்றன. காற்றில் உள்ள 21 சதவீத ஆக்சிஜன் நேற்றைய மிச்சம் இல்லை. கோடிக்கணக்கான வருஷங்களாக, மக்காமல் மண்ணுக்குள் புதைந்த தாவரங்களும் பாசிகளும் செலவழிக்காமல் விட்டுப்போன பாக்கி அது. அப்படிப் புதைந்ததில் பெரும்பகுதி கடலடிச் சேற்றிலும் பாறையிலும் கிடக்கிறது. கொஞ்சம் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியாகக் கிடந்தது. அதை நாம் தோண்டி எரிக்கும்போது, அந்தப் பழங்காட்டின் மூச்சை அதற்குப் பதிலாக நாம் விட்டுக்கொண்டிருக்கிறோம்.

அப்படியானால் இரவில் புளியமரம் என்ன செய்கிறது? சிற்றிலைகளை ஜோடி ஜோடியாக மடித்துக்கொள்கிறது. பகலில் செய்த சர்க்கரையைக் கிளைக்கும் வேருக்கும் காய்க்கும் அனுப்புகிறது. உங்களையும் என்னையும் போல மூச்சு விடுகிறது. அடியில் படுக்கலாமா என்று கேட்டால், பாம்பையும் பூரானையும் பார்த்துக்கொண்டு தாராளமாகப் படுக்கலாம்.

பின்வரிசைப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டு முடிக்கிறேன். ரணகள்ளி இந்த ஊரில் நிறைய வீட்டுத் தொட்டிகளில் இருக்கிறது. நாளைக்குப் பொழுது விடியும்போது ஓர் இலை, மத்தியானம் இரண்டு மணிக்கு இன்னோர் இலை. நுனியைக் கடித்து ருசி பார்த்துவிட்டுத் துப்பிவிட வேண்டும், விழுங்கக் கூடாது. இரண்டு ருசியையும் நோட்டில் எழுதி, தேதி போட்டு, அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.